என் கணவர் படிக்காத இரண்டு சொற்கள்

விடுநர்
குடிநீர் லாரி ஓட்டுநரின் மனைவி,
தையல் தொழிலாளி,
மாடி வீடு, பின்புறப் படிக்கட்டு வழி,
அச்சகச் சந்து.

பெறுநர்
உயர்திரு விசாரணை அதிகாரி அவர்கள்,
நகர நீர் விநியோக அலுவலகம்.

பொருள்: அசுத்த நீர் விநியோக வழக்கு – என் கணவர் தங்கள் முன் கொடுத்த வாக்குமூலம் உண்மைக்கு மாறானது – அவரைக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கத்தோடும் பயத்தோடும் எழுதிக்கொள்வது.

1. நான் மேற்படி ஓட்டுநரின் மனைவி. பத்தாவது வரை படித்திருக்கிறேன். மனு எழுதித் தருபவர் தங்கள் அலுவலக வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல தமிழில், நல்ல கையெழுத்தில் எழுதித் தருவார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் அவரிடம் போகவில்லை. இதில் நான் எழுதப்போவதை இன்னொரு காதில் போட எனக்கு மனம் வரவில்லை. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. தங்கள் அறிக்கை வரும் திங்கட்கிழமை மேலே போகிறது என்று அறிகிறேன். அதில் "ஓட்டுநர் தொட்டியில் எழுதியிருந்ததைப் படித்தும், தெரிந்தே அலட்சியமாக நடந்துகொண்டார்" என்று ஒரு வரி இருந்தால், இப்போது காவலில் இருக்கும் என் கணவர் சிறைக்குப் போவார். அந்த வரிக்கு ஆதாரம் அவர் வாயாலேயே சொன்ன பதில். அந்தப் பதில் பொய். குற்றத்திலிருந்து தப்பிக்கப் பொய் சொல்பவர்களைத் தாங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். குற்றத்தைத் தேடிப்போய்த் தலையில் போட்டுக்கொள்ளப் பொய் சொன்ன ஒருவருக்காக நான் தங்கள் வாசலில் நிற்கிறேன்.

3. நடந்தது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறைப்படி எழுதுகிறேன். என் கணவர் வேலை பார்க்கும் தண்ணீர் வளாகத்தில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஒன்று சுத்திகரித்த குடிநீர். மற்றது கட்டட வேலைக்கும் தரை கழுவவும் போகிற பழைய கிணற்று நீர். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம் கொண்ட தொட்டிகள். அவற்றைக் கிரேனால் தூக்கி லாரி மேல் வைத்து அனுப்புவார்கள். அன்று காலை குடிநீர் என்று நினைத்துக் கிணற்றுநீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு என் கணவர் எங்கள் சந்துக்கு வந்தார். தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. மாலைக்குள் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். மூன்று வீடு தள்ளி இருக்கும் இஸ்திரிக்காரரின் மகன், நான்கு வயது, இன்னும் மருத்துவமனையில் கண் திறந்தும் திறக்காமலும் கிடக்கிறான். அந்தக் குழந்தையின் பெயரால் கேட்கப்படும் எந்தக் கேள்வியையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. கேள்வி சரியான ஆளிடம் போக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

4. தண்ணீர் கொடுக்கும் முன் முதல் டம்ளரைத் தாமே குடித்துக் காட்டுவது என் கணவரின் பழக்கம். "முதல்ல டிரைவருக்கு, அப்புறம் மக்களுக்கு" என்று தமாஷ் பண்ணிக்கொண்டே குடிப்பார். அன்றும் குடித்தார். இரண்டாவதாக நிரம்பியது என் குடம். எங்கள் மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன பாட்டிலில் இருந்ததும் அதே தண்ணீர்தான். அவளும் இஸ்திரிக்காரரின் மகனுக்குப் பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். தெரிந்தே செய்தார் என்று எழுதுவதற்கு முன் தாங்கள் இதை ஒருமுறை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தகப்பன் தெரிந்தே செய்வான், ஐயா?

5. இப்போது தொட்டிகளில் எழுதியிருந்ததற்கு வருகிறேன். குடிநீர்த் தொட்டியில் ஆங்கிலத்தில் 'போட்டபிள்' என்று எழுதியிருந்தது. குடிக்கத் தகுந்தது என்று பொருளாம். கட்டட வேலைத் தொட்டியில் 'போர்ட்டபிள்' என்று எழுதியிருந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போகத் தகுந்தது என்று பொருளாம். எல்லாத் தொட்டியும் தூக்கி வைப்பதுதான் என்றாலும், கட்டட வேலைத் தொட்டியை மட்டும் வேலை நடக்கும் இடத்திலேயே இறக்கிவிட்டு வருவார்கள் என்பதால் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்களாம். இதெல்லாம் தங்கள் விசாரணையில் நான் தெரிந்துகொண்டது. வெள்ளைத் தொட்டியில் நீல எழுத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

6. விசாரணை அன்று தாங்கள் எங்களிடம் இரக்கம் காட்டினீர்கள். நானும் மகளும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார அனுமதித்தீர்கள். வீட்டுக்காரர் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று கதவையும் திறந்து வைக்கச் சொன்னீர்கள். அந்த நல்ல மனதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தத் திறந்த கதவுதான், ஐயா, எங்கள் குடியைக் கெடுத்தது.

7. தாங்கள் ஒரு தாளில் அந்த இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எது எது என்று அவரைக் கேட்டீர்கள். அவர் தாளைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேங்க" என்றார்.

என் கணவருக்குக் கண்ணாடியே கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

பிறகு தாங்களே பொறுமையாகப் படித்துக் காட்டி, "இதைத்தான் மாற்றிப் படித்துவிட்டீரா?" என்று கேட்டீர்கள். அவர் தங்களைப் பார்க்கவில்லை. கதவு வழியாக எங்கள் மகளைப் பார்த்தார். "ஆமாங்க, மாத்திப் படிச்சுட்டேன்" என்றார். தங்கள் எழுத்தர் அதைத் தட்டச்சு செய்துவிட்டார்.

8. ஐயா, இரண்டு சொற்களை மாற்றிப் படிக்க வேண்டுமானால் முதலில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் கணவருக்குத் தெரியாது. எண்கள் தெரியும். தம் பெயரை எழுதுவார், அதுவும் படம் வரைகிற மாதிரி. அதற்கு மேல் ஆங்கிலமோ தமிழோ, ஓர் எழுத்து தெரியாது.

9. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, அலமாரியில் இருந்த இரண்டு மருந்து பாட்டில்களையும் திறந்து மோந்து பார்த்து ஒன்றை எடுத்து வந்தார். அன்று தெரிந்துகொண்டேன். அதிலிருந்து வீட்டுக்கு வரும் எதையும் நான் வாய்விட்டுப் படிப்பேன். மின்கட்டணச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் உறை வரைக்கும். "உனக்கு ரேடியோ வாயி" என்று கிண்டல் செய்வார், ஆனால் நான் படித்து முடிக்கும்வரை நகரமாட்டார். எங்கள் மகள் ஏழாவது படிக்கிறாள், வகுப்பில் முதல் ஐந்துக்குள். கதைப் புத்தகத்தோடு போனால், "நீ படி, அப்பா கேக்கறேன்" என்பார். மதிப்பெண் அட்டையில் எண்களைப் பார்த்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பைக் காப்பாற்றத்தான் அன்று அவர் அந்தப் பதிலைச் சொன்னார். ஜெயிலுக்குப் போனாலும் போவேன், பெண் முன்னால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிற பிடிவாதம். பைத்தியக்காரத்தனம்தான். அந்தப் பைத்தியக்காரரோடுதான் நான் இத்தனை வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மகள் கேட்டாள்: "அப்பா பண்ணது இவ்ளோ சின்னத் தப்புதானாம்மா? எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்படி மாத்திப் படிக்கிறாங்களே."

10. அப்படியானால் படிக்கத் தெரியாதவர் இத்தனை காலம் எப்படிச் சரியான தொட்டியை ஏற்றினார் என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாரும் இதுவரை கேட்காத கேள்வியும் அதுதான்.

வளாகத்து ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குடிநீர்த் தொட்டியின் குழாய்க் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டுவார்கள். துணி இருந்தால் குடிக்க, இல்லாவிட்டால் கழுவ. சின்னக் குழந்தைக்குக் கூடப் புரியும். நிரப்புகிறவர் நிரப்பியதும் கட்டுவார், ஓட்டுநர் பார்த்து ஏற்றுவார், திரும்பி வந்து தொட்டியைக் கழுவும்போதுதான் அவிழ்ப்பார்கள். அந்தத் துணிகளைத் தைத்துக் கொடுத்தவள் நான். தையல் கூடத்தில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை வாங்கி வந்து, நூல் பிரியாமல் ஓரம் மடித்து அடித்துக் கொடுப்பேன். வெயிலில் வெளுத்துப் போனால் புதிதாகத் தைப்பேன். வளாகத்தில் ஒரு தொட்டியும் மாறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

11. சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பு மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வளாக மேலாளர் எல்லாத் தொட்டிகளுக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார். "என்னய்யா இது, கந்தலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க" என்று எல்லாத் துணிகளையும் அவிழ்க்கச் சொன்னார். ஓவியரைக் கூப்பிட்டு அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் எழுத வைத்தார். பிறகு ஓட்டுநர்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே எழுதியிருக்கறதப் படிச்சுப் பார்த்து ஏத்துங்க. எல்லாருக்கும் படிக்கத் தெரியும்ல?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேர் நடுவில் வேறென்ன செய்வார்கள்? அவிழ்த்த துணிகளை என் கணவர் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். என்னவென்று கேட்டேன். "இனிமே வேணாமாம்" என்றார். நான் அவற்றை அடுப்படியில் பிடிதுணியாக வைத்துக்கொண்டேன்.

12. துணி போன பிறகு ஓட்டுநர்கள் இடத்தை வைத்து அடையாளம் பிடித்தார்கள். இடது வரிசை குடிநீர், வலது வரிசை கிணற்று நீர். அன்று விடியற்காலையில் இடது வரிசைக்கு அடியில் வடிகால் உடைந்து, பழுது பார்ப்பதற்காகத் தொட்டிகளை எல்லாம் நகர்த்தியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கிரேன்காரர் வசதிப்பட்ட இடத்தில் திருப்பி வைத்துவிட்டார். எழுத்துதான் இருக்கிறதே என்று அவர் நினைத்திருப்பார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். என் கணவர் வழக்கம் போல இடது வரிசையிலிருந்து ஏற்றினார். நடந்தது இவ்வளவுதான், ஐயா. இதில் அவர் எதையும் படிக்கவும் இல்லை, மாற்றிப் படிக்கவும் இல்லை.

13. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவரோடு வேலை பார்க்கும் மூத்த ஓட்டுநர். நெட்டை என்று கூப்பிடுவார்கள். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே சொன்னார். அதிகாரி முன்னால் வந்து சொல்லுங்கள் அண்ணா என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "நான் சொன்னா அடுத்து என்னையும் படிக்கச் சொல்வாங்க, தங்கச்சி" என்றார். கண் கலங்கிப் போய்ப் படியிறங்கினார். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

14. இதை எழுதலாமா கூடாதா என்று யோசித்து எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து என் கணவருக்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஆங்கிலத்தில் இருந்தது. மகளைப் படிக்கச் சொன்னேன். அதன் மூன்றாவது வரியில், என் கணவர் பொதுமக்களுக்குப் 'போர்ட்டபிள்' தண்ணீர் வழங்கத் தவறினார் என்று இருக்கிறது. மகள் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினாள். அந்த இரண்டு சொற்களுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பிய தாளிலேயே அது மாறியிருக்கிறது. தங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. தட்டச்சு செய்தவர் படித்தவர், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தார், அவருக்கே கை தவறியது. அவரை யாரும் காவலில் வைக்கப் போவதில்லை. வைக்கவும் வேண்டாம். ஒரு குடம் தண்ணீர் இப்படி ஓர் எழுத்தை நம்பித் தெருவுக்கு வரலாமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

15. நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இஸ்திரிக்காரர் இத்தனை நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று பார்த்தார். "உன் வீட்டுக்காரர் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டாரு. ஆனா யாரோ செஞ்சாங்கல்ல?" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். என் கணவர் ஜெயிலுக்குப் போய்விட்டால் எல்லோரும் பதில் கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். தொட்டிகள் அப்படியே வெள்ளை வெளேரென்று நிற்கும்.

16. இந்த மனு என் கணவருக்குத் தெரிந்தால் என்னோடு பேச மாட்டார். கட்டிக் காத்த மானத்தை இவளே கடைத்தெருவில் விற்றுவிட்டாள் என்று நினைப்பார். நினைத்துக்கொள்ளட்டும். ஆள் வெளியே இருந்தால் கோபித்துக்கொள்ளவாவது இருப்பார். படிக்கத் தெரியாதவர் என்று உரிமத்தைப் பறித்தாலும் பறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கை இருக்கிறது, தையல் இயந்திரம் இருக்கிறது, சாப்பிட்டுக்கொள்வோம். அவர் செய்யாததைச் செய்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

17. மேலே உள்ளதை நேற்றிரவே எழுதி மடித்து வைத்துவிட்டேன். இன்று காலை நடந்ததை இப்போது சேர்க்கிறேன்.

காலையில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் வந்தது. புது ஓட்டுநர், இருபத்திரண்டு வயது இருக்கும். அதே வெள்ளைத் தொட்டி, குழாயில் துணி இல்லை. குடங்களோடு நின்றவர்கள் யாரும் கிட்டே போகவில்லை. இஸ்திரிக்காரரின் மனைவி வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் போய், "தம்பி, இது குடிக்கிற தண்ணிதானா?" என்று கேட்டேன். "எழுதியிருக்குதேக்கா" என்றார். "என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க" என்றேன்.

அவர் தொட்டியைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி எடுத்துட்டு வரலக்கா" என்றார்.

உடம்பு தேறாமல் வீட்டிலிருந்த என் மகள் மாடிப்படியில் இறங்கி வந்து, தொட்டியின் பக்கவாட்டில் போய் நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, குடிநீர்தான் என்று எல்லோருக்கும் சொன்னாள். பிறகுதான் குழாயைத் திறந்தார்கள். மேலே ஏறும்போது என்னிடம் கேட்டாள்: "அந்த அண்ணனுக்குப் படிக்கத் தெரியாதாம்மா? அதுல என்ன இருக்கு? சொல்லியிருந்தா நானே முதல்லயே படிச்சுக் காட்டியிருப்பேனே."

அதில் என்ன இருக்கு என்று கேட்டாள், ஐயா.

18. அறிக்கை போகும்வரை அவரைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்று வாசலில் சொல்கிறார்கள். ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்கே, திங்கட்கிழமை வரை காத்திராமல், வளாகத்துக் குடிநீர்த் தொட்டிகளில் துணியைக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுப்படியில் இருந்ததால் கறை பட்டிருக்கிறது, மன்னிக்கவும். எத்தனை தொட்டிகள் என்று சொல்லி அனுப்பினால் மாலைக்குள் மற்றதையும் தைத்துக் கொண்டுவருகிறேன்.

அடுத்து, என் கணவரை இன்னும் ஒரே ஒருமுறை அழைத்து விசாரியுங்கள். எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். தாளை நீட்டுவதற்கு முன்னால், அவருடைய மகள் இன்று காலை மாடிப்படியில் சொன்னதை அவருக்கு அப்படியே சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள். அதற்கு மேல் கதவு திறந்திருந்தாலும் பரவாயில்லை.

தங்கள் பதிலுக்காக வெளியே காத்திருக்கும்,

(கையொப்பம்)
குடிநீர் லாரி ஓட்டுநரின் மனைவி

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் அறைக்கு எதிரே, தாழ்வாரத்தில், அதே பெஞ்சு

இணைப்பு: மஞ்சள் துணி, ஒன்று.